நேர்த்திக்கடனும் வட்டிக்கடனும்

தைப்பூசத் திருநாள் நெருங்க நெருங்க, ஜொகூர் மாநிலத்து இந்து இல்லங்களில் இரண்டு கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று விரதக் கணக்கு. பூசத்திற்கு இன்னும் எத்தனை நாள், மாலை அணிவது என்றைக்கு, யார் யார் பால்குடம் எடுப்பது என்பதெல்லாம் அதில் அடங்கும். இக்கணக்கை வீட்டிலுள்ள அனைவரும் மகிழ்ச்சியோடு வாய்விட்டுப் பேசுவார்கள். மற்றொன்று பணக் கணக்கு. அதை இல்லத்தரசி ஒருத்தி மட்டும், எல்லாரும் உறங்கிய பிறகு, சமையலறை மேசையில் தனியே அமர்ந்து போட்டுக்கொண்டிருப்பாள்.

குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேச, முருகப் பெருமானின் திருவுருவம் தாங்கி வரும் சிறப்பிதழ்தானா இடம் என்று அன்பர்கள் சிலர் ஐயுறலாம். இதுதான் இடம் என்பது அடியேன் கருத்து. நம்மவர் வீட்டு வரவு செலவுத் திட்டம் மளிகைக் கடையில் உடைவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் விலை ஏறினால் நம் பெண்கள் எதையேனும் குறைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். திட்டம் உடைகின்ற இடங்கள் வேறு. திருமண மண்டபம், தீபாவளித் துணிக்கடை, திருவிழாப் பந்தல் ஆகிய இம்மூன்றிலும் 'குறைத்துக்கொள்ளலாமே' என்று வாய் திறந்து சொல்லும் உரிமை இல்லத்தரசிக்கு இருப்பதில்லை. சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். கோயில் காரியமாக இருந்துவிட்டாலோ தெய்வக் குற்றமாகிவிடும்.

2026-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 2022 முதல் மார்ச் மாதத்திற்கும், 2025-இல் பிப்ரவரிக்கும் தள்ளிப் போயிருந்த பள்ளித் தொடக்கம் 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. ஜனவரி 12-ஆம் தேதி ஜொகூரில் பள்ளிகள் திறந்தன. அதே வாரத்தில் பொங்கல். பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம். சீருடை, காலணி, புத்தகப்பை, பள்ளிப் பேருந்துக் கட்டணம், பொங்கல் பானை, கரும்பு, புத்தாடை, பால்குடம், காவடி ஆகிய அத்தனையும் மூன்றே வாரங்களுக்குள் வரிசை பிடித்து நின்றன. மாணவர்களுக்கு அரசாங்கம் வழங்கும் 150 வெள்ளி தொடக்க கால உதவி பெரிய துணைதான் என்றாலும், காலணியும் சீருடையும் வாங்கிய கையோடு அது கரைந்துவிடுகிறது. இவற்றில் எதுவுமே திடீரென வந்த செலவன்று. பூசம் எந்நாள் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் நாம் அதை ஏதோ எதிர்பாராத விருந்தாளியைப் போல வரவேற்கிறோம்.

ஜொகூர்வாசிகளுக்கு மற்ற மாநிலத்தவர்க்கு இல்லாத இன்னொரு சோதனையும் உண்டு. அக்கரை நம் கண்ணுக்குத் தெரிகிறது. மலேசிய நாணயத்தையும் சிங்கப்பூர் நாணயத்தையும் நாம் 'வெள்ளி' என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். 1973-ஆம் ஆண்டு மே மாதம் வரை அதற்குப் பொருளும் இருந்தது. இங்குள்ள ஒரு வெள்ளியை அங்கே ஒரு வெள்ளியாகவே மாற்றிக்கொள்ள முடிந்த காலம் அது. அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபின் இடைவெளி சிறிது சிறிதாக வளர்ந்து, 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்றரை மலேசிய வெள்ளியையும் தாண்டியது. பின்னர் சற்று இறங்கியதென்றாலும் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

இதன் விளைவை ஒரே தெருவில் பார்க்கலாம். ஒரு வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டிச் செல்கிற தந்தை. அடுத்த வீட்டில் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இந்நாட்டுச் சம்பளம் வாங்குகிற தந்தை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதி 187 வெள்ளியும் மற்றச் சந்தாக்களும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். இரு வீட்டாரும் ஒரே கோயிலுக்கு வருகிறார்கள். காவடியும் ஒரே பந்தலில்தான் இறங்குகிறது. அக்கரைச் சம்பளத்தில் எடுத்த காவடியைக் கண்ட பிறகு, இக்கரைச் சம்பளக்காரர் தம் எளிய காவடியைத் தூக்க வெட்கப்படுகிறார். (அக்கரைச் சம்பளக்காரர் உறங்கும் நேரம் எவ்வளவு என்பதையும் யாரேனும் கேட்டுப் பார்க்கலாம். அது வேறு கதை.)

புள்ளிவிவர இலாகாவின் கணக்குப்படி, ஒரு மலேசியக் குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 2019-இல் 4,534 வெள்ளியாக இருந்து, 2022-இல் 5,150 வெள்ளியாக உயர்ந்தது. அதே 2022-இல் ஜொகூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,879 வெள்ளி. இடைநிலை என்றால் பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே இருக்கின்றன என்று பொருள். நம் ஆலயங்களில் வெள்ளிக்கிழமை தோறும் வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்தக் கீழ்ப்பாதியில் இருப்பவர்கள் என்பதை ஆலயப் பொறுப்பாளர்கள் அறிவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம், மாசாய் வட்டாரத்திலிருந்து ஓர் இளம் தம்பதியர் என் வீடு தேடி வந்தனர். அவர்களின் மகன் முந்தின ஆண்டு கடும் காய்ச்சலில் பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தவன். பிள்ளை எழுந்து நடந்தால் காவடி எடுப்பதாகத் தந்தை வேண்டிக்கொண்டார். பிள்ளை நடந்தான். நேர்த்திக்கடனைச் செலுத்துவதில் தவறே இல்லை. ஆனால் காவடியின் வாடகையும் அலங்காரமும், உறுமி மேளமும், உறவினர் அனைவருக்கும் ஒரே நிறத்தில் சட்டையும், வீட்டில் மறுநாள் சாப்பாடும் சேர்ந்து, செலவு நாலாயிரம் வெள்ளியை எட்டிவிட்டது. தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. போதாத தொகைக்கு, மின்கம்பத்தில் ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணை அழைத்திருக்கிறார்.

அந்தப் பெண் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. "ஐயா, முருகனுக்குச் செஞ்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா வாராவாரம் வட்டிக்காரன் வந்து கதவைத் தட்டும்போது, எங்க பையன் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிறான்."

யார் பிழைத்ததற்காகக் காவடி எடுக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைதான் மேசைக்கு அடியில் ஒளிந்தவன்.

1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈட்டின் மேல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டும், ஈடில்லாக் கடனுக்குப் பதினெட்டும்தான் வட்டியாகப் பெறலாம். மின்கம்பத்தில் விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருட்டில்லை. இப்போது கைத்தொலைபேசியிலேயே 'இன்று வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்' என்னும் வசதியும் வந்துவிட்டது. அதையும் ஒழுங்குக்குக் கொண்டுவரப் பயனீட்டாளர் கடன் சட்டம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் கடன் கொடுப்பவனைக் கட்டுப்படுத்தலாம். வாங்கியே தீரவேண்டும் என்று நம்மை உந்துகின்ற ஊர்ப்பேச்சைக் கட்டுப்படுத்த எந்த நாடாளுமன்றத்தாலும் ஆகாது.

குங்கிலியக் கலயர் செய்யவில்லையா?

இப்படிப் பேசினால் அன்பர்கள் உடனே எடுத்துக்காட்டுவது குங்கிலியக் கலய நாயனாரைத்தான். வறுமையிலும் அவர் தாலியை விற்று இறைவனுக்குத் தூபம் இட்டாரே, நாம் கொஞ்சம் கடன்பட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சேக்கிழார் பெருமான் சொன்ன கதையை நம்மவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

திருக்கடவூரில் வாழ்ந்த கலயர், குங்கிலியத் திருப்பணிக்காக முதலில் விற்றது தம் நிலத்தையும் உடைமைகளையும். எல்லாம் தீர்ந்து, பிள்ளைகளும் சுற்றத்தாரும் பசித்திருக்கையில், மனைவியார் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னார். வழியில் குங்கிலியப் பொதி எதிர்ப்பட்டது. தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கலயர் கோயிலுக்குப் போய்விட்டார். நம்மவர் கதை இத்துடன் முடிகிறது. பெரியபுராணம் முடியவில்லை. அன்றிரவு இறைவன் செய்தது என்ன? கலயரின் வீட்டை நெல்லாலும் பொன்னாலும் நிறைத்து, அதை மனைவியாருக்குக் கனவில் உணர்த்தினான். அதன் பிறகே கோயிலிலிருந்த கலயரிடம், நீ மிகவும் பசித்திருக்கிறாய், வீட்டிற்குப் போய்ப் பாலும் சோறும் உண்டு துன்பம் தீர்வாயாக என்று பணித்தான். தூபத்தின் நறுமணத்தில் மகிழ்ந்த இறைவனுக்கு அந்த வீட்டின் அணைந்த அடுப்பும் தெரிந்திருந்தது.

பூசலாரையும் நினைத்துப் பாருங்கள். திருநின்றவூரில் சிவாலயம் எழுப்ப ஆசைப்பட்டு, எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்காமல் போகவே, மனத்திற்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டினார். காஞ்சியில் கற்றளி எடுத்த மன்னனின் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் எழுந்தருளியது பூசலாரின் மனக்கோயிலுக்கு. அந்த மன்னனுக்கு இருந்த பொருள் தமக்கு இல்லையே என்று பூசலார் கடன்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

திருவள்ளுவரும் வரவுக்குத் தக்க செலவு என்ற கருத்தை வைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. அது இல்லறவியலில் இல்லை. போருக்குப் புறப்படும் முன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று அரசனுக்குச் சொல்லும் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதிலும் அவர் எச்சரிப்பது வீண்செலவை மட்டுமன்று. பிறருக்குக் கொடுக்கும் கொடையைக்கூட உள்ள பொருளின் அளவறிந்தே கொடுக்க வேண்டும் என்கிறார். உபயகாரப் பெருமக்கள் அந்த அதிகாரத்தின் கடைசி நான்கு குறட்பாக்களை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.

மஞ்சள் துணி முடிச்சு

என் இளமைக் காலம் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கழிந்தது. அம்மா பால்மரம் வெட்டினார். எங்கள் லயத்து வீட்டின் சாமி படத்தருகே ஆணியில் ஒரு மஞ்சள் துணி தொங்கும். சம்பள நாளில் தோட்டத்துக் கடைக்காரரின் பற்றுக் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்ததும், அம்மா கைகால் கழுவி, அந்தத் துணியை அவிழ்த்துப் பத்துக் காசோ இருபது காசோ வைத்து மீண்டும் முடிந்துவிடுவார். அந்த முடிச்சில் கைவைக்க அப்பாவுக்கும் துணிவு கிடையாது. தைப்பூசத்திற்கு முதல் நாள் அது அவிழும். முடிச்சில் என்ன இருக்கிறதோ அதுதான் அவ்வாண்டுத் தைப்பூசம்.

ஆண்டிறுதி மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாது. வெட்டில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஓர் ஆண்டு மழை நீண்டுவிட்டது. முடிச்சை அவிழ்த்தபோது சில்லறை மிகவும் குறைவாக இருந்தது. அம்மா அதை எண்ணினார். பால்குடம் இல்லை. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு கட்டிச் சூடம், அவ்வளவுதான் வாங்கினார். முருகன் கோபித்துக்கொண்டதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் முடிச்சிலும் அதே மழைதானே பெய்திருக்கும்.

நேர்த்திக்கடன் என்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி இதுதான். வேண்டிக்கொண்ட அன்றே ஒரு காசை முடிந்துவைத்து, அதன்மேல் சேர்த்துக்கொண்டே போவது. முதலில் சேமிப்பு, பிறகு செலவு. இன்று நாம் அதைத் தலைகீழாக்கி, முதலில் செலவு செய்துவிட்டு ஆண்டு முழுவதும் வட்டி கட்டுகிறோம்.

சேமிப்பு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகையாகச் செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். அண்டை வீட்டார் ஒன்றாய்ச் சேர்ந்து கூட்டுப் போடும் வழக்கமும் நம்மிடையே பழையது. ஆனால் கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் நம் 'கூட்டு' என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. சொல்லுக்குக் கிடைத்த அந்தப் பெருமையில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை. கூட்டுத் தலைவி ஓடிப்போன கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆணியில் தொங்கும் முடிச்சு எங்கும் ஓடாது.

இக்காலத்திற்கு அந்த முடிச்சை எப்படிப் போடுவது? ஒரு குடும்பத்தின் கணக்கை மாதிரிக்கு எழுதிப் பார்ப்போம். தைப்பூசத்திற்கு 600 வெள்ளி. தீபாவளிக்கு 1,500. இரு பிள்ளைகளின் பள்ளித் தொடக்கத்திற்கு 800. வாகனக் காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் 900. திருமண மொய்க்கு 700. ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் உபயத்திற்கும் 300. மொத்தம் 4,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 400 வெள்ளி. கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளத்தில் உழைக்கும் வீட்டில் கைக்கு வரும் மூவாயிரத்தில் 400 என்பது சிறிய தொகையன்று. முடியவில்லையென்றால் 4,800-ஐத்தான் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பைப் புரட்டாசியில் அமைதியாகப் பேசி முடிவு செய்யலாம். தை மாதத்தில், காவடிக்காரர் முன்பணம் கேட்டு நிற்கும்போது பேச முடியாது. இந்த ஒரு காரணத்திற்காகவே கணக்கை முன்கூட்டி எழுத வேண்டும் என்கிறேன். சம்பளம் வந்த அன்றே அப்பணம் வேறு கணக்கிற்குப் போய்விட வேண்டும். மாத இறுதியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்று காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் எந்நேரமும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஏற்பட்டிருக்கிறது. புதிய சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் சேர்கிறது. 1,700 வெள்ளி சம்பளத்திற்கு அது மாதம் நாற்பது வெள்ளி அளவில்தான் வரும். ஓராண்டு முழுவதும் சேர்ந்தாலும் ஐந்நூறு வெள்ளியை எட்டுவதில்லை. அதை ஒரே நாள் மேளத்திற்காக எடுத்துவிட்டு வந்தவர்களை அடியேன் அறிவேன். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, உறுப்பினர்கள் சேமநிதியிலிருந்து எடுத்த 145 பில்லியன் வெள்ளி பசிக்காக எடுக்கப்பட்டது. அதில் யாரும் குறை காண முடியாது. அலங்காரத்திற்காக எடுப்பது வேறு.

நிர்வாகத்தினர்க்கு

இதுவரை குடும்பங்களுக்குச் சொன்னேன். ஆலய நிர்வாகத்தினர்க்குச் சொல்வதற்கு முன் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இம்மாநிலத்துக் கோயில் ஒன்றின் பொருளாளராக அடியேன் பல்லாண்டு இருந்தேன். பெயர் வேண்டாம். திருவிழாக் காலத்தில் நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. அப்படி வாசித்தால் வசூல் ஏறும் என்பது எங்களுக்குத் தெரியும். ஓர் ஆண்டு, அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் ஐம்பது வெள்ளி கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் நூறு வெள்ளியுடன் வாசிக்கப்பட்டது. மூதாட்டி சற்றுத் தயங்கி, வரிசையில் பின்னால் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம் ஐம்பது வெள்ளி கைமாற்று வாங்கி, "நூறுன்னு போட்டுக்குங்க தம்பி" என்றார். நூறு என்று ரசீது எழுதியது என் கைதான். மறுவார்த்தை பேசாமல் எழுதினேன்.

மறுஆண்டு பெயரை மட்டும் வாசிப்பது என்று குழுவில் வாதாடி முடிவு செய்தோம். அவ்வாண்டு வசூல் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. விளக்கு அலங்காரத்தைச் சிறிது குறைத்தோம். திருவிழா நடந்தது.

நிர்வாகத்தினர் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஓர் உபயத்தைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்யலாம். பால்குடக் கட்டணத்தையும் காவடிக் கட்டணத்தையும் தீபாவளிக்கு முன்பே பலகையில் எழுதிப் போடலாம். சமய நெறிக்கு உட்பட்ட எளிய காவடிகளையே எடுக்குமாறு மலேசிய இந்து சங்கம் வலியுறுத்தி வருவதை அறிவிப்போடு நிறுத்தாமல் நடைமுறையிலும் காட்டலாம். பேங்க் நெகாராவின் முயற்சியால் 2006-இல் ஏற்பட்ட ஏகேபிகே நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகவே வழங்குகிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் மண்டபத்தில் அரைமணி நேரம் அவர்களைப் பேச அழைத்தால் என்ன? 1911-ஆம் ஆண்டிலிருந்து ஜொகூர் பாரு நகரில் விளங்கும் அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம் முதல் தோட்டத்து மூலையிலுள்ள சிறு முனியாண்டி கோயில் வரை, இம்மாநிலத்து ஆலயங்கள் எளிய மக்களின் காசினால் வளர்ந்தவை. அந்த மக்களின் சமையலறைக் கணக்கு நிர்வாகக் குழுவின் அக்கறைக்கு அப்பாற்பட்டதாக இருக்க முடியாது.

மாசாய்த் தம்பதியரைப் பற்றிக் கேட்பீர்கள். மனைவியின் அண்ணன் ஒருவர் முன்வந்து வட்டிக்காரனின் கணக்கைத் தீர்த்தார். மைத்துனருக்கு மாதந்தோறும் திருப்பிக் கொடுத்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. தாலிச் சங்கிலி மீண்டு வந்தது. அதற்கடுத்த தைப்பூசத்தில் அவர்களைக் கோயிலில் பார்த்தேன். அந்தப் பெண் தலையில் பால்குடம். கணவர் பக்கத்தில் வெறுங்காலோடு நடந்து வந்தார். மேளம் இல்லை. பையன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், பழைய பொருளாளர் புத்தி. "அறுபத்து மூணு வெள்ளி ஐயா, துணியில எழுபது இருந்துச்சு" என்றார் அந்தப் பெண். மீதி ஏழு வெள்ளியை அடுத்த ஆண்டுக்கு அப்படியே முடிந்து வைத்துவிட்டாராம்.